ஓட்டுநர் சொல்வதும் வண்டி சொல்வதும்

விபத்தில் சிக்கிய கார்களைப் பார்வையிட்டு, சேதத்தை மதிப்பிட்டு, காப்பீட்டு நிறுவனத்துக்கு அறிக்கை எழுதிக் கொடுப்பது என் தொழில். சர்வேயர் என்பார்கள். என் கைக்கு வரும் ஒவ்வொரு கோப்பிலும் இரண்டு கதைகள் இருக்கும். ஒன்று, ஓட்டுநர் எழுதிக் கொடுத்தது. இன்னொன்று, பட்டறையில் நிற்கும் வண்டியின் தகரத்தில் பதிந்திருப்பது. இரண்டும் முழுசாக ஒத்துப்போவது அபூர்வம். ஓட்டுநர் பொய் சொல்கிறார் என்று இதற்கு அர்த்தமில்லை. பெரும்பாலானவர்கள் நினைவில் இருப்பதை நேர்மையாகவே எழுதுகிறார்கள். ஆனால் நினைவில் தங்குவது மோதலுக்கு முந்தைய கடைசி நொடி மட்டும்தான். காரணமோ அதற்கும் முந்தைய பத்து நொடிகளில் கிடக்கிறது. சில கோப்புகளில் முந்தைய இரவில்.

என் மேசைக்கு அதிகம் வருவது பின்பக்க மோதல். "முன்னால் போனவர் திடீரென பிரேக் போட்டுவிட்டார்" என்பதுதான் விளக்கமாக இருக்கும். அப்போது நான் முதலில் பார்ப்பது இரண்டு வண்டிகளிலும் அடி விழுந்த உயரத்தை. பிரேக்கைப் பலமாக மிதித்தால் காரின் மூக்கு தாழும், பின்புறம் எழும்பும். ஆகவே பின்னால் வந்தவர் உரிய நேரத்தில் பிரேக் பிடித்திருந்தால் அவருடைய பம்பர் முன்வண்டியின் பம்பருக்கு அடியில் நுழைந்திருக்கும். பானெட்டின் விளிம்பும் ஹெட்லைட்டும் நொறுங்கியிருக்கும். பம்பரும் பம்பரும் நேருக்கு நேர் சம உயரத்தில் முட்டியிருந்தால், பின்னால் வந்தவரின் கால் பிரேக்குக்குப் போகவே இல்லையோ என்ற சந்தேகம் எழும். வண்டியின் உயரம், ஏற்றியிருந்த சுமை எல்லாவற்றையும் சேர்த்துத்தான் முடிவுக்கு வரவேண்டும் என்றாலும் இந்தக் குறி அநேகமாக ஏமாற்றுவதில்லை.

பழைய வண்டிகளில் இன்னொரு சாட்சியும் இருந்தது. முன்வண்டியின் பிரேக் லைட் எரிந்துகொண்டிருந்தபோது அடி விழுந்தால், பல்புக்குள் சூடாக இருக்கும் இழை இளகி நீண்டு, சுருள் கலைந்து கோணலாகத் தொங்கும். அணைந்திருந்த பல்பின் இழையோ குளிர்ந்த கம்பி முறிவதுபோல வெட்டென்று முறியும், அல்லது அப்படியே இருக்கும். "அவர் பிரேக் லைட் எரியவே இல்லை" என்ற வழக்குகள் பல, பூதக்கண்ணாடியின் கீழ் இந்த இழையை வைத்துத் தீர்ந்திருக்கின்றன. எல்இடி விளக்குகள் வந்தபின் அந்தச் சாட்சி போய்விட்டது. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

ஆக, முன்னால் போனவர் திடீரென நிறுத்தியது உண்மையாகவே இருக்கட்டும். நிறுத்துவதற்கு அவருக்கு ஏதோ காரணம் இருந்திருக்கும். பின்னால் வந்தவரால் ஏன் நிறுத்த முடியவில்லை? கணக்கு எளிது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் கார் நொடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர் நகர்கிறது. ஆபத்தைக் கண்டு, புரிந்துகொண்டு, பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை நொடி ஆகும் என்று வைத்துக்கொண்டால், வேகம் குறையத் தொடங்குவதற்கு முன்பே 25 மீட்டர் போய்விடுகிறது. அதன்பின் நல்ல டயரோடு காய்ந்த சாலையில் நிற்க இன்னும் 20 மீட்டர். வேகம் இரட்டிப்பானால் இந்த இரண்டாவது தூரம் இரட்டிப்பாவதில்லை, நான்கு மடங்காகிறது.

பத்து கிலோமீட்டர் கூட்டி ஓட்டினால் என்ன கெட்டுவிடும் என்பவர்களுக்கு நான் ஒரு கணக்கைச் சொல்வேன். ஒரே மாதிரியான இரண்டு கார்கள், ஒன்று 100 கிலோமீட்டர் வேகத்தில், மற்றொன்று 110-ல், ஒரே இடத்தில் ஒரே அளவு பிரேக் பிடிக்கின்றன. முதல் கார் நின்றுவிட்ட அதே இடத்தில் இரண்டாவது கார் இன்னும் மணிக்கு 46 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். பத்து கிலோமீட்டர்தான் அதிகம் என்று நினைத்தவர் 46-ல் மோதுகிறார். ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதன் விளைவு இது.

இதில் கைப்பேசியைச் சேர்த்தால் நிலைமை வேறு. 80 கிலோமீட்டர் வேகத்தில் ஐந்து நொடி திரையைப் பார்த்தால் 111 மீட்டரைக் கண்ணை மூடிக்கொண்டு கடந்ததற்குச் சமம். முன்வண்டிக்கும் நமக்கும் இடையே உள்ள தூரத்தை மீட்டரில் மதிப்பிட யாராலும் முடியாது. முன்வண்டி ஒரு கம்பத்தைக் கடந்தபின் நாம் அதே கம்பத்தைக் கடக்க எத்தனை நொடி ஆகிறது என்று எண்ணிப் பார்க்கலாம். காய்ந்த சாலையில் குறைந்தது இரண்டு, முடிந்தால் மூன்று. மழையில் அதைப்போல இரு மடங்கு. இடைவெளி விட்டால் வேறொருவர் நுழைந்துவிடுவார் என்பது எல்லோரும் சொல்லும் குறை. நுழையட்டும், மறுபடி இடைவெளி விடுங்கள் என்பதுதான் என் பதில்.

மூன்று வண்டிகள் வரிசையாக மோதிக்கொண்டால் நடுவில் இருப்பவர், "நான் நின்றுவிட்டேன், பின்னால் வந்தவர் இடித்ததில்தான் முன்னால் போய் முட்டினேன்" என்பார். அவர் சொல்வது சரியா என்று அறிய நான் அவரிடம் கேட்பதில்லை. முதல் வண்டியில் இருந்தவரிடம், எத்தனை முறை குலுங்கியது என்று கேட்பேன். ஒரே ஒரு முறை என்றால் நடுவில் இருந்தவர் சொல்வது பெரும்பாலும் நிஜம். இரண்டு முறை என்றால், நடுவில் இருந்தவர் முதலில் தானே மோதியபின் பின்னாலிருந்து அடி வாங்கியிருக்கிறார்.

அடுத்தது சந்திப்புகளில் நடக்கும் பக்கவாட்டு மோதல். "இரண்டு பக்கமும் பார்த்தேன், யாருமே இல்லை" என்கிறார்கள். இந்த வாக்குமூலத்தை நான் நம்புகிறேன். அவர் பார்த்திருப்பார், வண்டி கண்ணில் பட்டிருக்காது. முன்கண்ணாடியின் இரு ஓரங்களிலும் கூரையைத் தாங்கும் தூண்கள் உள்ளன. கவிழ்ந்தாலும் கூரை நசுங்காமல் இருக்க இப்போது அவற்றைத் தடிமனாகச் செய்கிறார்கள். அந்தத் தடிமனுக்குப் பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள் முழுதாக மறையும். சற்றுத் தள்ளி வந்தால் ஒரு காரே மறையும். அதைவிட விபரீதம் ஒன்று உண்டு. இரண்டு வண்டிகள் சீரான வேகத்தில் ஒரே புள்ளியை நோக்கி வரும்போது, மோதப் போகிற வண்டி நம் பார்வையில் ஒரே கோணத்திலேயே நிற்கும். தூணுக்குப் பின்னால் மறைந்தது கடைசிவரை தூணுக்குப் பின்னாலேயே இருக்கும். தூணால் மறையாவிட்டாலும், அசையாத புள்ளியைக் கண் எளிதில் தவறவிடும். ஆகவே சந்திப்பை நெருங்கும்போது தலையை மட்டும் திருப்பினால் போதாது. உடலை முன்னும் பின்னும் சற்று அசைத்துத் தூணைச் சுற்றிப் பார்க்க வேண்டும்.

பக்கவாட்டு அடி ஏன் இவ்வளவு கொடியது என்பது கதவைப் பிரித்துப் பார்த்தால் தெரியும். காரின் முன்புறம் மடங்கி நசுங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ள அரை மீட்டருக்கு மேல் இடம் இருக்கிறது. பக்கத்தில் ஒரு கதவும், அதற்குள் ஒரு இரும்புக் குழாயும், அடுத்து மனித உடலும்தான். பச்சை விளக்கு விழுந்தவுடன் பாய்கிற பழக்கத்தை நான் வெறுப்பதற்கு இதுவே காரணம். குறுக்குச்சாலைக்காரர் சிவப்பில் நுழைந்திருந்தால் தவறு அவருடையதுதான். நசுங்குவது நம் கதவு.

நேருக்கு நேர் மோதல் எண்ணிக்கையில் குறைவு, ஒவ்வொன்றிலும் உயிர் போகும் ஆபத்து அதிகம். இதில் பல முந்தும்போது நடப்பவை. 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் ஒரு லாரியை 80-ல் முந்துவதாக வைத்துக்கொள்ளுங்கள். லாரியின் நீளம், முன்னும் பின்னும் விடவேண்டிய இடைவெளி, நம் காரின் நீளம் எல்லாம் சேர்த்தால் 55 மீட்டர் ஆகிறது. வேக வித்தியாசம் 20 கிலோமீட்டர் மட்டுமே என்பதால் அந்த 55 மீட்டரைக் கடக்கப் பத்து நொடி ஆகும். பத்து நொடியில் நாம் 220 மீட்டர் போவோம். எதிரே 80-ல் வருபவரும் 220 மீட்டர் வந்திருப்பார். அதாவது 440 மீட்டர் காலியாகத் தெரிந்தால்தான் முந்தத் தொடங்கலாம். வளைவுக்கு முன்னாலும் மேட்டின் உச்சிக்கு முன்னாலும் இவ்வளவு தூரம் யாருக்கும் தெரியாது. லாரியின் வாலை ஒட்டிப் போகிறவருக்கு நேர்சாலையில்கூடத் தெரியாது. நன்றாகப் பின்வாங்கி நின்றால்தான் பார்வை விரியும் என்பது பலருக்குப் புரிவதில்லை.

ஒரு தவறான நம்பிக்கையையும் இங்கே தீர்த்துவிடுகிறேன். 80-ல் வரும் இரண்டு ஒரே மாதிரியான கார்கள் நேருக்கு நேர் மோதினால் அது 160-ல் சுவரில் மோதுவதற்குச் சமம் என்பார்கள். அப்படி இல்லை. ஒவ்வொன்றும் 80-ல் அசையாத சுவரில் மோதியதற்குச் சமம். அதுவே போதுமான அளவு மோசம் என்பது வேறு விஷயம்.

இத்தகைய வண்டிகளில் நான் தவறாமல் பார்ப்பது சீட் பெல்ட்டை. அணிந்திருந்தால், பெல்ட் தோளருகே நுழையும் வளையத்தில் உராய்ந்து இழைகள் பளபளத்துக் கிடக்கும். அணியாமல் விட்டிருந்தால், மோதலின்போது பெல்ட்டை இறுக்கும் கருவி வெடித்துப் பெல்ட்டைத் தூணோடு விறைப்பாகப் பூட்டியிருக்கும், இழுத்தாலும் வராது. "பெல்ட் போட்டிருந்தேன்" என்று எழுதியவரின் பெல்ட் அந்த நிலையில் இருந்தால் மேற்கொண்டு கேள்வி தேவையில்லை. பின் இருக்கையில் பெல்ட் இல்லாமல் உட்கார்ந்தவரின் கதை முன் இருக்கையின் முதுகில் இருக்கும்: பின்னாலிருந்து முழங்கால் குத்தி முன்னோக்கி வளைந்திருக்கும். 50 கிலோமீட்டர் வேகம் என்பது ஏறக்குறைய 10 மீட்டர் உயரத்திலிருந்து விழும் வேகம். முன்னால் இருப்பவர் பெல்ட் அணிந்திருந்தாலும் அவ்வளவு வேகத்தில் ஒரு ஆள் தன் முதுகின்மேல் வந்து விழுவதைத் தாங்கவேண்டும்.

தனி வண்டி விபத்துகளில், அதாவது வேறு யாரும் மோதாமல் சாலையை விட்டு விலகி மரத்திலோ பாலத்திலோ மோதியவற்றில், நாய் குறுக்கே வந்ததாக ஏராளமானவர்கள் எழுதுகிறார்கள். சில நேரம் நாய் வந்திருக்கும். ஆனால் நாய்க்காக ஒடித்த வண்டி சாலையைக் கூர்மையான கோணத்தில் விட்டுப் போகும். தூங்கியவரின் வண்டியோ மெதுவாக, நீண்ட சாய்வாக, ஸ்டீயரிங்கைத் தொட்டதற்கான அடையாளமே இல்லாமல் விலகும். டயர் தடம் இருக்காது. (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் உள்ள வண்டி பிரேக் பிடித்தாலும் தடம் மங்கலாகவே விழும், அதனால் தடத்தை மட்டும் நம்பக் கூடாது.) நேரத்தையும் பார்ப்பேன். நள்ளிரவு தாண்டி விடியும்வரையிலும், மதியம் இரண்டு மணிக்குப் பிறகும் உடல் தானாகவே தூக்கத்தை நாடும். 17 மணி நேரம் விழித்திருப்பவரின் எதிர்வினை, இரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் உள்ளவருடையதை ஒத்திருப்பதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அந்த அளவு பல நாடுகளில் சட்டப்படி தண்டனைக்குரிய எல்லை. தூக்கத்துக்கு மட்டும் அநேகமாக எங்கும் அப்படி எல்லை கிடையாது. ஜன்னலைத் திறப்பது, பாட்டை உரக்க வைப்பது எல்லாம் சில நிமிட ஏமாற்று. காபி குடித்தாலும் வேலை செய்ய இருபது நிமிடமாவது ஆகும். வண்டியை ஓரங்கட்டிக் காபியைக் குடித்துவிட்டு அந்த இருபது நிமிடம் தூங்குவதே பலன் தரும்.

தூக்கத்திலிருந்து திடுக்கிட்டு விழிப்பவர் செய்யும் காரியம் பெரும்பாலும் நிலைமையை மோசமாக்கும். ஒரு பக்கச் சக்கரங்கள் சாலை விளிம்பிலிருந்து மண்ணில் இறங்கியிருக்கும். பதறி ஸ்டீயரிங்கை வெடுக்கென்று திருப்புவார். விளிம்பில் உரசித் தடுத்துக்கொண்டிருந்த சக்கரம் ஏறிய மறுகணம் வண்டி எதிர்த்தடத்துக்குப் பாயும், அல்லது கவிழும். உயரமான வண்டிகள் கவிழ்வதில் கணிசமானவை இப்படித்தான். ஆக்சிலரேட்டரை விட்டு, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, வேகம் குறைந்தபின் மெதுவாக ஏறவேண்டும்.

"டயர் வெடித்தது" என்பதும் அடிக்கடி வரும் விளக்கம். மோதலில் கிழிந்த டயரில் ஒரே இடத்தில் வெட்டு இருக்கும், அதே இடத்தில் ரிம்மும் வளைந்திருக்கும். காற்று குறைவாக ஓடி வெடித்த டயரைக் கழற்றினால் உள்ளேயிருந்து ரப்பர் தூள் கொட்டும். பக்கச் சுவரில் சுற்றிலும் தேய்ந்த வளையம் தெரியும். அது ஒரு நொடியில் வந்ததல்ல, பல நாட்களாகச் சூடேறிச் செத்த டயர். பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரம் செய்தது. காற்றழுத்தத்தைக் காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். பட்டன் ஆழம், அதாவது டயரின் மேற்பரப்பில் உள்ள பள்ளங்களின் ஆழம், 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் மாற்றியாக வேண்டும் என்பது பல நாடுகளின் சட்டம். மழைச்சாலையில் தண்ணீரை வெளியே தள்ள அந்த ஆழம்கூடப் பற்றாது.

கடைசியாக, வேகமே இல்லாத விபத்துகள். நிறுத்துமிடத்தில், வீட்டு வாசலில், கடைக்கு முன்னால் கார் பாய்ந்து சுவரில் முட்டி நிற்கும். "பிரேக் பிடிக்கவில்லை" என்பார்கள். சோதித்தால் பிரேக்கில் பழுதே இருக்காது. தரை விரிப்பு சுருண்டோ, உருண்டு வந்த தண்ணீர் பாட்டில் சிக்கியோ மிதி இறங்காமல் போனதைக் கண்டிருக்கிறேன். அதைவிட அதிகம், கால் ஆக்சிலரேட்டரில் இருந்தது. மோதலுக்கு முந்தைய ஐந்து நொடிகளைப் பதிந்துவைக்கும் கருவி பல புதிய கார்களில் இருக்கிறது. ஆக்சிலரேட்டர் முழு அழுத்தம், பிரேக் இல்லை என்று அதில் தெளிவாகவே வரும். காட்டினாலும் ஓட்டுநர் நம்பமாட்டார், பிரேக்கைத்தான் மிதித்தேன் என்று சாதிப்பார். அவர் மிதித்ததாக நம்பியது பிரேக்கைத்தான் என்பதால்தான், வண்டி பாயப் பாய இன்னும் பலமாக மிதித்திருக்கிறார். ரிவர்ஸ் எடுக்க உடலைத் திருப்பும்போது கால் தானாக இடம் மாறுவதே இதற்கு வழக்கமான காரணம். குதிகாலை பிரேக் மிதிக்கு நேராகத் தரையில் ஊன்றி வைத்து, ஆக்சிலரேட்டருக்கு முன்பாதத்தை மட்டும் சாய்க்கப் பழக வேண்டும். ஆட்டோமேட்டிக் கார் வாங்குகிறவர்கள் முதல் வாரத்தில், காலி மைதானத்தில் இதைப் பழகிக்கொள்வது நல்லது.