பிள்ளை பிறந்துவிட்டது என்பதற்காகப் பிரஷர் மாத்திரையை நிறுத்தாதீர்கள்

சென்ற வாரமும் ஒரு பெண், பிரசவமான ஆறாம் நாள், தாய்வீட்டிலிருந்து வலிப்புடன் எங்கள் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டார். வீடு திரும்பும்போது எழுதித் தந்த லேபெட்டலால் என்ற பிரஷர் மாத்திரையின் அட்டை பிரிக்கப்படாமலேயே பையில் கிடந்தது. "குழந்தைதான் பிறந்துவிட்டதே, இனி எதற்கு?" என்று கேட்டார் அவருடைய தாயார். இதே கேள்விக்குப் பதில் சொல்லி அலுத்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன்.

கர்ப்பத்தின் 20 வாரங்களுக்குப் பின் இரத்த அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல் சென்று, சிறுநீரில் புரதம் வெளியேறுவதோ கல்லீரல், சிறுநீரகம் முதலியவை பாதிக்கப்படுவதோ பிரீஎக்ளாம்ப்சியா என்ற நோய். அது முற்றினால் இப்படி வலிப்பு வரலாம். நஞ்சுக்கொடி வெளியேறியதும் நோய் தணியத் தொடங்கும் என்பது மெய்தான். ஆனால் கர்ப்பகாலத்தில் உடலில் சேர்ந்த நீர் இரத்த ஓட்டத்துக்குத் திரும்புவதால், பிரசவத்துக்குப் பின் மூன்றாம் நாள் முதல் ஆறாம் நாள் வரையில்தான் பலருக்கு அழுத்தம் உச்சத்தைத் தொடுகிறது. அதாவது, தாயும் சேயும் வீட்டுக்குப் போய், உறவினர் அனைவரும் குழந்தையையே பார்த்துக்கொண்டிருக்கும் நாள்களில். கர்ப்பத்தில் அழுத்தம் சீராக இருந்தவர்களுக்குக்கூட, பிரசவமான ஆறு வாரங்களுக்குள் இந்நோய் புதிதாக வரலாம்.

லேபெட்டலாலும், இன்னொரு பிரஷர் மாத்திரையான நிஃபெடிபினும் தாய்ப்பாலில் மிகச் சிறிதளவே கலக்கின்றன. பால் கொடுக்கும் தாய் தாராளமாக உட்கொள்ளலாம். உப்பைக் குறைத்துப் பத்தியம் இருப்பது மாத்திரைக்கு ஈடாகாது. மருத்துவர் சொல்லாமல் ஒரு வேளை மாத்திரையைக்கூட நிறுத்தக் கூடாது.

விடாத தலைவலி, கண் மங்குதல், மேல்வயிற்று வலி, மூச்சுத்திணறல் ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றே அழுத்தத்தைப் பாருங்கள். 160/110 அல்லது அதற்கு மேல் இருந்தால் விடியட்டும் என்று காத்திராமல் 108-ஐ அழையுங்கள். அறுவைச் சிகிச்சை முடிந்தவர்களின் தலைவலி ஒவ்வொன்றையும் "முதுகில் ஊசி போட்டதால் வந்தது" என்று தள்ளிவிடும் வழக்கம் எங்கள் துறையிலும் உண்டு. இளம் மருத்துவர்களே, முதலில் பிரஷர் கருவியை எடுங்கள். வலிப்பைத் தடுக்கும் மெக்னீசியம் சல்ஃபேட் விலை மலிவானது, அரசு மருத்துவமனைகளிலும் கிடைக்கிறது. நோயாளி நேரத்தோடு வந்து சேர வேண்டும், அவ்வளவே.

வீடு திரும்பிய முதல் பத்து நாள்களில் சில முறையேனும் கிராம சுகாதாரச் செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அழுத்தத்தைப் பார்த்துக் குறித்துவையுங்கள். அந்தக் குறிப்பைத் தூக்கியெறிந்துவிடாதீர்கள். அடுத்த கர்ப்பம் உறுதியானவுடன் அதை மருத்துவரிடம் காட்டினால், நோய் மீண்டும் வராமல் தடுக்க, 16 வாரங்களுக்கு முன்பே குறைந்த அளவு ஆஸ்பிரின் தொடங்கலாமா என்று அவர் முடிவெடுப்பார்.