ஆண் குஞ்சு வேறு, மலட்டுக் குஞ்சு வேறு: திலேப்பியா வளர்க்கும் அண்ணாச்சிமார் கவனத்துக்கு

சேரன்மகாதேவி பக்கம் ஒரு கால் ஏக்கர் பண்ணைக்குட்டை. ஐந்தாம் மாத அறுவடைக்கு வலை இழுத்தபோது நானும் கரையில் நின்றேன். வலையின் மடி கரையேறியதும் அண்ணாச்சி முகம் மாறிவிட்டது. உள்ளங்கை அகல மீன்களுக்கு நடுவே பொடிசுகள் கிடந்து துள்ளின. விரல் நீளம், நகத்தளவு என்று எண்ணி மாளாது. ஒரு மீனைக் கையில் எடுத்தேன். வாயைத் திறந்ததும் மஞ்சள் முட்டைகள் பொலபொலவென்று உதிர்ந்தன. ஊறப்போட்ட பாசிப்பருப்பு மாதிரி இருந்தன.

“என்ன தம்பி இது, மலட்டுக் குஞ்சுன்னு சொல்லித்தான கொடுத்தாம்?”

குஞ்சு விற்றவர் பொய் சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. ஆனால் இந்தக் குழப்பம் அந்த ஒரு குட்டையோடு நிற்கவில்லை. மீன்வளம் படித்துவிட்டு இந்தப் பக்கம் குட்டை குட்டையாக ஏறி இறங்குகிறவன் நான். ‘மலட்டுக் குஞ்சு’ என்று கேட்டு வாங்குகிறவர்களில் பெரும்பாலானோர் கையில் வந்து சேர்வது மலட்டுக் குஞ்சு அல்ல, ஆண் குஞ்சு. இரண்டும் ஒன்றில்லை.

திலேப்பியாவுக்கு ஏன் இந்தப் பாடு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ரோகு, கட்லா குளத்தில் முட்டையிடாது. அவற்றுக்கு ஆற்று வெள்ளம் வேண்டும், இல்லையென்றால் ஹேட்சரியில், அதாவது குஞ்சு பொரிப்பகத்தில், ஊசி போட வேண்டும். திலேப்பியாவுக்கு ஒரு சடங்கும் வேண்டாம். ஆண் மீன் தரையில் குழி தோண்டும், பெண் முட்டையிட்டு வாயில் அள்ளி வைத்துக்கொள்ளும். குஞ்சு நீந்தும்வரை தாய் சரியாகத் தின்னாது. நம்மூர் வெயிலுக்கு மாதம், ஒன்றரை மாதத்துக்கு ஒரு தடவை இதே வேலைதான். தீனியெல்லாம் முட்டைக்கும் குஞ்சுக்கும் போக, எடை நின்றுவிடும். பெண்ணைவிட ஆண் வேகமாக வளரும். அதனால்தான் எல்லாம் ஆணாக இருந்தால் நல்லது என்று ஆனது.

அந்த ஆண் குஞ்சு எப்படி வருகிறது? வாயிலிருந்து வெளியே வந்த குஞ்சு ஆணா பெண்ணா என்று அதன் உடம்பு முடிவுசெய்ய சில வாரம் ஆகும். அந்த முதல் 21–28 நாளும் மீத்தைல் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனைத் தீனியில் கலந்து கொடுக்கிறார்கள். வழக்கமான அளவு ஒரு கிலோ தீனிக்கு 60 மில்லிகிராம். மருந்தை ஆல்கஹாலில் கரைத்து, தீனியில் தெளித்து, நிழலில் உலர்த்துவார்கள். சரியாகச் செய்தால் நூற்றுக்கு 95, 98 ஆண் கிடைக்கும்.

மிச்சத்தைக் கணக்குப் பாருங்கள். அண்ணாச்சி விட்டது 3,000 குஞ்சு. நூற்றுக்கு மூன்று பெண் என்றால் 90 தாய்மீன். ஒவ்வொன்றும் ஒரு தடவைக்கு 200 முட்டை என்று குறைத்தே வைத்தாலும் ஒரே சுற்றில் 18,000. ஆணாக மாறிய மீனோ நல்ல ஆண். அதற்கு விந்து உண்டு, அது பெண் மீனோடு சேரும், குஞ்சு பொரிக்கும். அதில் மலடு எங்கே இருக்கிறது?

அன்றைக்கு இன்னொன்றும் பார்த்தோம். அண்ணாச்சி வளர்த்தது கிஃப்ட் ரகம். நைல் திலேப்பியாவைப் பொறுக்கிப் பொறுக்கி வளர்த்துத் தேர்ந்தெடுத்த ரகம் அது. 1988-இல் பிலிப்பைன்ஸில் தொடங்கிய வேலை. அதன் வால் துடுப்பில் மேலிருந்து கீழாக வரிவரியாகக் கோடு ஓடும். மடியில் கிடந்தவற்றில் ஏழு மீனுக்கு அந்தக் கோடு இல்லை. அது நம் குளத்துச் சிலேபி. 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட மொசாம்பிக் திலேப்பியா. வாய்க்கால் தண்ணீரை வலைகூடக் கட்டாமல் திறந்துவிட்டிருக்கிறார்கள், அதோடு வந்து ஏறியிருக்கிறது. நூற்றுக்கு நூறு ஆண் குஞ்சு வாங்கி விட்டிருந்தாலும் இந்தச் சிலேபிப் பெண் போதும். இரண்டு இனமும் கலந்து குஞ்சு பொரிக்கும்.

உண்மையான மலட்டு மீனுக்குக் கதை வேறு. முட்டையில் விந்து நுழைந்த சில நிமிடத்தில் முட்டை, மரபணுக்களைச் சுமக்கிற தன் குரோமோசோமில் ஒரு தொகுதியை வெளியே தள்ளும். அந்த நேரம் பார்த்து முட்டைக்கு ஓர் அதிர்ச்சி கொடுக்க வேண்டும். திலேப்பியாவானால் 41 டிகிரி வாக்கில் வெந்நீரில் சில நிமிடம், வேறு மீன்களுக்குக் கடும் அழுத்தம். அப்போது தள்ள வேண்டியது உள்ளேயே தங்கிவிடும். 44 குரோமோசோம் இருக்க வேண்டிய திலேப்பியாவில் 66 இருக்கும். இரண்டு தொகுதிக்குப் பதில் மூன்று என்பதால் இதற்கு ட்ரிப்ளாய்டு என்று பெயர். சினைமுட்டையும் விந்தும் உருவாகும்போது மூன்றைச் சரிபாதியாகப் பிரிக்க முடியாது. பெண்ணுக்குச் சினை பெரும்பாலும் வளராது. ஆணுக்கு விந்து வந்தாலும் பிழைக்கும் குஞ்சு வராது.

இதைச் சொன்னாலே “அந்த மீனைத் தின்னா நமக்கு ஒண்ணும் ஆகாதா?” என்று கேட்கிறார்கள். களக்காட்டு ஏத்தன்பழத்தைத் தின்றுவிட்டுக் கேட்கிறார்கள்! ஏத்தன் வாழையும் ட்ரிப்ளாய்டுதான். விதை இல்லாததற்கு அதுவும் ஒரு காரணம். தலைமுறை தலைமுறையாகத் தின்கிறோம், வீடு நிறையப் பிள்ளைகள்.

அமெரிக்காவில் பல மாநிலங்களில் களை தின்ன விடும் புல்கெண்டை ட்ரிப்ளாய்டாக மட்டுமே இருக்க வேண்டும் என்பது சட்டம். மீன் மீனாக ரத்தம் எடுத்து, சிவப்பணுவின் உட்கரு பெரிதாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே விற்கிறார்கள். புல்கெண்டை லட்சக்கணக்கில் முட்டையிடுவதால் அங்கே கட்டுபடியாகிறது. திலேப்பியா ஒரு தடவைக்குச் சில நூறுதான் இடும். அதையும் சரியான நிமிடத்தில் பிதுக்கி எடுக்க வேண்டும். ஆய்வுக்கூடத்தில் முடிகிற வேலை, லோடு லோடாகக் குஞ்சு அனுப்புகிற ஹேட்சரியில் எளிதில்லை. ‘ட்ரிப்ளாய்டு திலேப்பியா’ என்று நம் பக்கம் விற்கப்பட்டதில் ஒன்றைக்கூட நான் சோதித்து உறுதிசெய்ததில்லை.

இதற்கு அடுத்த கட்டமும் வந்துவிட்டது. மீன் குஞ்சின் உடம்பில், பின்னால் சினைமுட்டையாகவோ விந்தாகவோ ஆகிற இனச்செல் உருவாக ‘டெட் எண்ட்’ என்ற மரபணு வேண்டும். நம் பேச்சில் முட்டுச்சந்து. அதை முடக்கிவிட்டால் இனச்செல்லே இல்லாமல் மீன் வளரும். நார்வேயில் சால்மன் மீனில் இதைச் செய்து 2016-இல் வெளியிட்டார்கள். நம் குட்டைக்கு வர நாளாகும்.

ஹார்மோன் மீன் பற்றிய பயத்துக்கும் ஒரு வார்த்தை. மருந்து கொடுப்பது குஞ்சு ஒரு கிராம்கூட இல்லாத முதல் மாதத்தில். ஐந்து மாதம் கழித்துச் சட்டிக்கு வரும் மீனில் அது தங்குவதில்லை. எனக்குக் கவலை ஹேட்சரியில்தான். கையுறை இல்லாமல், முகமூடி இல்லாமல் மருந்துத் தீனி பிசைகிற பையன்களைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தொட்டித் தண்ணீரை அப்படியே ஓடையில் திறந்துவிடுவதையும் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வீட்டில் இதை முயற்சி செய்யாதீர்கள்.

2023 டிசம்பர் 17, 18-ஐ நாம் யாரும் மறக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை. தாமிரபரணி கரைமீறியது, குளங்கள் உடைந்தன, வயல் எது குட்டை எது என்று தெரியவில்லை. குட்டையில் இருந்த மீனெல்லாம் வாய்க்கால் வழியாக ஆற்றுக்கும் குளத்துக்கும் போய்விட்டது. போனது மலட்டு மீன் என்றால் தன் ஆயுளோடு முடிந்திருக்கும். போனதோ ஆண் மீன், கூடவே கொஞ்சம் பெண். “சிலேபி ஏற்கெனவே எல்லாக் குளத்திலும் கிடக்கே, இனி என்ன?” என்பார்கள். கிஃப்ட் அதைவிட வேகமாக, பெரிதாக வளர்கிற ரகம். நம் ஆற்றிலோ, உலகத்தில் வேறெங்கும் இல்லாத மீன்கள் இருக்கின்றன. தாமிரபரணியின் பெயரையே அறிவியல் பெயராகக் கொண்ட டாக்கின்சியா தாம்பிரபர்ணியை என்ற கெண்டை அதில் ஒன்று. திலேப்பியா வளர்க்கப் பதிவும் அனுமதியும் வேண்டும், ஆண் குஞ்சோ மலட்டுக் குஞ்சோதான் விட வேண்டும், வெள்ளம் ஏறும் இடத்தில் குட்டை கூடாது என்று அரசு வழிகாட்டுதல் சொல்வது சும்மா இல்லை.

குஞ்சு வாங்கப் போகிறவர்கள் ஹேட்சரியில் ஒரு கேள்வி கேளுங்கள்: “எத்தனை சதம் ஆண்? யார், எத்தனை குஞ்சை அறுத்துப் பார்த்தீங்க?” நல்ல ஹேட்சரியில் மாதிரிக் குஞ்சுகளை அறுத்து, சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்த கணக்கு இருக்கும். “மலடு சார், நூத்துக்கு நூறு” என்று மட்டும் பதில் வந்தால் கிளம்பிவிடுங்கள். தண்ணீர் வரும் வழி, போகும் வழி இரண்டிலும் சின்னக் கண்ணி வலை கட்டுங்கள். திலேப்பியா ஓரளவு பெருத்த பின் கொஞ்சம் விரால் குஞ்சு விடலாம். பொடிசை அது பார்த்துக்கொள்ளும். விராலுக்கு விலையும் உண்டு.

அண்ணாச்சி அடுத்த வளர்ப்பில் மூன்றாம் மாதமே என்னைக் கூப்பிட்டார். போனபோது சட்டைப் பையில் பேனா, கையில் ஈரத்துணி. மீனைத் திருப்பிப் போட்டு, வயிற்றடியில் ஒரு சொட்டு மை தடவித் துடைத்தார். மலத் துவாரத்துக்குக் கீழே ஒரே துளை என்றால் ஆண், குறுக்கே இன்னொரு கீறலும் இருந்தால் பெண். நான் போன வருஷம் ஒருமுறை சொல்லிக்கொடுத்ததுதான்.

“நூறு பார்த்துட்டேன் தம்பி. ரெண்டு பொட்டை. ரெண்டையும் நேத்தே குழம்பு வச்சாச்சு.”