கேங் என்றால் கும்பலா, குழுவா?

ரயில் தண்டவாளத்தைப் பராமரிப்பவர் கேங்மேன். மின்வாரியத்தில் கம்பம் நடுபவரும் கேங்மேன். ‘கேங்’ என்ற சொல்லின் பழைய, கறைபடாத பொருள் இன்று இவர்களிடம்தான் இருக்கிறது.

பழைய ஆங்கிலத்தில் கேங் என்றால் நடை, செலவு (காசு அல்ல, சங்கப் பாடல்களில் வரும் பயணம்). சேர்ந்து செல்பவர்களும் கேங் ஆனார்கள். பிறகு கூலியாட்கள், மாலுமிகள். கப்பலேறும் ‘கேங்வே’யில் அந்த நடை இன்னும் ஒட்டியிருக்கிறது. ‘கேங்ஸ்டர்’ 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவில் பிறந்த சொல்.

தமிழில் எதைச் சொல்வது? கோஷ்டி என்றால் பெருமாள் கோயிலில் பிரபந்தம் சேவிப்பவர்களும் வந்துவிடுவார்கள். குழு, மகளிர் சுயஉதவிக் குழுவோடு சேர்ந்து சாதுவாகிவிட்டது. வள்ளுவருக்கு அது அப்படியில்லை. நாட்டில் இருக்கக்கூடாதவை என்று 735ஆம் குறளில் ‘பல்குழு’வையும் ‘கொல்குறும்பை’யும் (அரசனை அலைக்கும் கொலைக் கூட்டம்) சேர்த்தே சொல்கிறார். மிஞ்சுவது கும்பல். தெலுங்கு ‘கும்பு’வுக்கு உறவான சொல், குவியல் என்ற பொருளும் அதற்கு உண்டு. ஆனால் பஸ் நிலையத்தில் கூடிக் கலைவதும் கும்பல்தானே? அமெரிக்கப் போலீஸ் சொல்லும் கேங் அப்படிக் கலைவதில்லை. அதற்குப் பெயர், சின்னம், பேட்டை எல்லாம் உண்டு. அதனால் நான் ‘தெருக்கும்பல்’ என்றே எழுதுகிறேன்.

இது வெறும் சொல் தகராறு அல்ல. அமெரிக்காவில் 1996 முதல் 2012 வரை ஆண்டுதோறும் காவல்துறைகளிடம் கணக்கெடுத்தார்கள். உங்கள் ஊரில் எந்த இளைஞர் கூட்டத்தைக் கேங் என்று அடையாளம் காட்டுவீர்கள் என்பதுதான் கேள்வி. எது கேங் என்பது பதில் எழுதுபவரின் தீர்ப்பு. சிறைக் கும்பல், மோட்டார் சைக்கிள் கும்பல், பெரியவர்கள் மட்டுமே உள்ள கும்பல் ஆகியவற்றைச் சேர்க்கவில்லை. 2011இல் கிடைத்த மதிப்பீடு 29,900 கும்பல்கள், 7,82,500 பேர். அதே ஆண்டு எஃப்.பி.ஐ. சிறையையும் மோட்டார் சைக்கிளையும் சேர்த்து 14 லட்சம் பேர் என்றது. பெண்கள் பத்து சதவீதத்துக்கும் குறைவு என்றது போலீஸ். இளையோரிடமே கேட்ட ஆய்வுகளில் பெண்கள் கால் பங்குக்கும் மேல்.

கலிபோர்னியாவின் கும்பல் தரவுத்தளத்தை 2016இல் மாநிலத் தணிக்கையாளர் புரட்டிப் பார்த்தார். பதிவானபோது ஒரு வயதுகூட நிரம்பாதவர்களாக 42 பேர் அதில் இருந்தார்கள். அவர்களில் 28 பேர், தாங்கள் கும்பலைச் சேர்ந்தவர்கள்தான் என்று தாங்களே ஒப்புக்கொண்டதாகப் பதிவில் இருந்தது.