பெட்டி கட்டும் முன் வார்டில் வேரூன்றுங்கள்: ஊர் ஊராகப் பணியாற்ற விரும்பும் தாதியருக்கு

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களிலிருந்து தாதியர் படிப்பை முடித்து வரும் பெண்கள் பலர் இப்போது என்னிடம் கேட்பது ஒன்றே: "அக்கா, டிராவல் நர்ஸ் ஆக என்ன செய்ய வேண்டும்?" மூன்று மாதம் ஓர் ஊர், அடுத்த மூன்று மாதம் வேறோர் ஊர், தங்குமிடத்துக்குத் தனிப்படி என்று காணொளிகளில் பார்த்திருக்கிறார்கள். அந்த ஆசையை நான் மதிக்கிறேன். செம்பனைக்கும் ரப்பருக்கும் நடுவில் வளர்ந்த பிள்ளைக்கு ஒரு தொழில் உலகத்தைக் காட்டும் என்றால் அதைவிட மகிழ்ச்சி எது?

ஆனால் அந்தக் காணொளிகள் பெரும்பாலும் அமெரிக்காவைப் பற்றியவை. அங்கே ஓர் ஒப்பந்தம் வழக்கமாக 13 வாரம். 40க்கும் மேற்பட்ட மாநிலங்கள் ஒரே உரிமத்தை ஏற்கும் உடன்பாட்டில் இருப்பதால் அங்குள்ள தாதியர் எளிதாக இடம் மாறுகிறார்கள். கலிபோர்னியா அதில் சேரவில்லை. மலேசியத் தாதி அந்த நிலைக்கு வர என்கிளெக்ஸ் எனப்படும் அமெரிக்கத் தாதியர் உரிமத் தேர்வு, ஆங்கிலத் தேர்வு, சான்றிதழ் சரிபார்ப்பு, விசா என்று பல ஆண்டுகள் ஆகும். விசாவுக்குப் பொறுப்பேற்கும் மருத்துவமனையிலேயே முதலில் சில ஆண்டுகள் கட்டுப்பட்டு வேலை செய்யவும் வேண்டியிருக்கும். 13 வார வாழ்க்கை அதற்குப் பிறகுதான்.

இதை நான் எப்போதும் அழுத்திச் சொல்வேன்: பட்டயம் வாங்கிய கையோடு கிளம்பாதீர்கள். ஈப்போவிலோ தைப்பிங்கிலோ பரபரப்பான ஒரு வார்டில் குறைந்தது இரண்டு ஆண்டுகள் வேலை செய்யுங்கள். இப்படி இடம் மாறி வரும் தாதிக்குப் பல மருத்துவமனைகளில் ஓரிரு ஷிப்டுதான் அறிமுகப் பயிற்சி. மருந்து அலமாரி எங்கே, அவசர சிகிச்சைத் தள்ளுவண்டி எங்கே, கணினியில் எங்கே பதிவது என்று தேடுவதிலேயே அந்த நேரம் கழிந்துவிடும். நோயாளி மோசமாகிறார் என்பதைப் பார்த்த மாத்திரத்தில் உணரும் கண் உங்களிடம் முன்பே இருக்க வேண்டும்.

ஊர் மாறினால் எண்களும் மாறும். நம் வார்டில் இரத்தச் சர்க்கரை அளவு 3.5 என்றால், குறைந்துவிட்டது என்று உடனே கவனிப்போம். அது லிட்டருக்கு மில்லிமோல் கணக்கு. அமெரிக்காவில் டெசிலிட்டருக்கு மில்லிகிராம் என்று அளப்பதால் அதே நோயாளிக்குக் கருவி 63 என்று காட்டும். 18ஆல் பெருக்கினால் சரியாகிவிடும். ஆனால் விடியற்காலை நான்கு மணிக்கு, களைத்த தலையோடு, இன்சுலின் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பெருக்கலைச் செய்யக் கூடாது. முன்கூட்டியே பழகிக்கொள்ளுங்கள்.

நோய்களும் அப்படித்தான். மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் உள்ளூர் மலேரியா நம் நாட்டில் 2018 முதல் பதிவாகவில்லை. குரங்குகளிடமிருந்து கொசு வழியாக வரும் நோலெசி மலேரியா மட்டும் போர்னியோ தீவிலுள்ள நம் மாநிலங்களான சபா, சரவாக்கில் இன்னும் ஆளைச் சாய்க்கிறது. அந்தக் கிருமி 24 மணி நேரத்துக்கு ஒருமுறை பெருகும். காலையில் நடந்து வந்தவர் அடுத்த நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கலாம். காய்ச்சலோடு வருபவரிடம் "காட்டுப் பக்கம், தோட்டப் பக்கம் போனீர்களா?" என்று கேட்க அங்கே போகும் தாதிக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சொந்த நாட்டுக்குள்ளேயே முதல் பயணம் போக விரும்பினால் சபாவும் சரவாக்கும் நல்ல இடங்கள். ஆனால் மலேசியர்தானே என்று டிக்கெட் எடுத்துப் போய்த் தனியார் மருத்துவமனையில் சேர்ந்துவிட முடியாது. தீபகற்ப மலேசியாவிலிருந்து போகும் நமக்கு அங்கே வேலை அனுமதி தேவை. அதை எடுத்துத் தருவது முதலாளியா, நீங்களா என்று முதலிலேயே கேளுங்கள்.

ஏஜெண்டைப் பற்றிப் பெற்றோர்களும் தெரிந்துகொள்ள வேண்டும். 1981ஆம் ஆண்டின் தனியார் வேலைவாய்ப்பு நிறுவனங்கள் சட்டப்படி ஆள் அனுப்புபவருக்கு உரிமம் இருக்க வேண்டும். ஆள்பல இலாகாவில் விசாரிக்கலாம். பிரிட்டனுக்கு ஆள் எடுப்பதற்கான நடத்தை விதிகள் வேலை தேடுபவரிடம் கட்டணம் வாங்குவதையே தடுக்கின்றன. மகளுக்காக நகையை அடகு வைத்து ஏஜெண்டுக்குப் பணம் கட்டத் துணிந்த தாய்மாரைப் பார்த்திருக்கிறேன். தயவு செய்து வேண்டாம் அம்மா. அசல் சான்றிதழ்களையும் யாரிடமும் விட்டுவிடாதீர்கள்.

ஒப்பந்தத்தில் சம்பளத் தொகையை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடுவது ஆபத்து. வாரத்துக்கு எத்தனை மணி நேர வேலை உறுதி? பழக்கமில்லாத வார்டுக்கு மாற்றினால் மறுக்கலாமா? பாதியில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும்? உள்நாட்டில் என்றால் இபிஎஃப் (ஊழியர் சேமநிதி), சொக்சோ (சமூகப் பாதுகாப்புக் காப்புறுதி) பிடிப்பார்களா? இவற்றுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள்.

வார்டு அனுபவம் சேரும் அந்த இரண்டு ஆண்டுகளிலேயே காகித வேலையையும் தொடங்கிவிடலாம். தடுப்பூசிப் பதிவு, உயிர்காப்புப் பயிற்சிச் சான்றிதழ், பணி அனுபவக் கடிதம் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வையுங்கள். மலேசியத் தாதியர் வாரியத்தின் பணிச் சான்றிதழை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். அதற்குத் தொடர்கல்விப் புள்ளிகளும் தேவை. வெளியூரில் இருந்தாலும் அந்தத் தேதியைத் தவறவிடாதீர்கள். திரும்பி வந்து பேராக்கிலேயே வேலை தேடும் நாளில் முதலில் கேட்கப்படும் தாள் அதுதான்.