வீட்டுக்குப் பின்னால் இருக்கும் சந்து நிலத்தை அரசிடமிருந்து வாங்க முடியுமா?

போன மாதம் இங்கே சிங்கப்பூரில் மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். வரிசை வீடு. பின்கதவைத் திறந்தால் குறுகலாக ஒரு சந்து, நடுவில் சிமெண்ட் கால்வாய், சுவரோரம் அத்தை வளர்க்கும் கறிவேப்பிலைத் தொட்டிகள் நாலு. "இருபது வருஷமா நாங்கதான் கூட்டிப் பெருக்குறோம், ஒருத்தரும் இந்தப் பக்கம் வர்றதில்ல, அடுப்படியை நாலடி இழுத்துக் கட்டிக்கிட்டா என்ன மாப்பிள்ளை?" என்று மாமா கேட்டார். அவர் மகன் சியாட்டிலில் இருக்கிறான். அங்கே நகர மன்றத்தில் மனுப் போட்டால் பொதுச் சந்து நிலத்தை விட்டுக்கொடுத்துவிடுவார்களாம், இங்கேயும் நகர மன்றம் இருக்கிறதே, எழுதிக் கேட்டால் என்ன என்பது அவர் எண்ணம். இதே கேள்வியைப் பலர் கேட்டிருக்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் சியாட்டில் கதை. அங்கே ஒரு சந்து வழியையோ தெருவையோ பொதுமக்கள் பயன்பாட்டிலிருந்து விலக்குவதா வேண்டாமா என்று முடிவு செய்வது நகர மன்றம்தான், அது உண்மை. ஆனால் கேட்டவுடன் கொடுப்பதில்லை. பொதுவில் விசாரணை வைப்பார்கள், யாரும் வந்து பேசலாம். அந்தச் சந்து வழியை இழக்கும் மக்களுக்கு ஈடாக என்ன நன்மை செய்யப்போகிறாய் என்று மனுதாரரைக் கேட்பார்கள். 2016 மே மாதம் ஒரு விளையாட்டரங்கம் கட்டுவதற்காகத் தெரு ஒன்றின் ஒரு பகுதியைக் கேட்டபோது, மன்றம் 5-க்கு 4 என்று வாக்களித்து மறுத்துவிட்டது. அத்தனை பெரிய திட்டத்துக்கே அந்தக் கதி.

சரி, நம் ஊருக்கு வருவோம். இங்கே இப்படி வாக்கெடுக்கும் மாநகர மன்றம் இப்போது கிடையாது. ஒரு காலத்தில் இருந்தது, 1957-இல் தேர்தல்கூட நடந்தது, ஆனால் 1959-இல் தன்னாட்சி வந்தபோது அதன் வேலைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. இப்போதுள்ள நகர மன்றங்கள் வேறு. அவை 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்தவை, வீடமைப்பு வளர்ச்சிக் கழகப் (வீவக) பேட்டைகளின் பொது இடங்களைப் பராமரிப்பது அவற்றின் வேலை. மாமா வீட்டுச் சந்து பற்றி அவர்கள் முடிவெடுக்க முடியாது.

அப்படியானால் யாரைக் கேட்பது? அதற்கு முன் அந்த இடம் யாருடையது என்று பார்க்கவேண்டும். ஒன்மேப் (OneMap) என்ற அரசாங்க வரைபட இணையத்தளத்தில் நிலத்துண்டைத் தட்டினாலே அரசு நிலமா தனியார் நிலமா என்று காட்டும். சில பேட்டைகளில் சந்து தனியாருக்குச் சொந்தமாக இருக்கும், அப்போது பேச்சே வேறு. அரசு நிலம் என்றால் சிங்கப்பூர் நில ஆணையத்திடம் போகவேண்டும். தனியாக எதுவும் கட்ட முடியாத அளவுக்குச் சிறிய மிச்ச நிலத்தை, ஒட்டியிருக்கும் வீட்டுக்காரர் தன் நிலத்தோடு சேர்த்துக்கொள்ள விண்ணப்பிக்க வழி இருக்கிறது. விண்ணப்பம் போனதும் ஆணையம் மற்ற அமைப்புகளைக் கேட்கும்: சாலை அகலப்படுத்த வேண்டியிருக்குமா என்று நிலப் போக்குவரத்து ஆணையத்தை, கால்வாயும் கழிவுநீர்க் குழாயும் என்ன ஆகும் என்று பொதுப் பயனீட்டுக் கழகத்தை, திட்டமிடல் பற்றி நகர மறுசீரமைப்பு ஆணையத்தை. இதில் ஒருவர் வேண்டாம் என்றாலும் காரியம் நகர்வது கடினம். எல்லாரும் சரி என்றாலும் சும்மா கிடைக்காது, தலைமை மதிப்பீட்டாளர் போடும் சந்தை விலையைக் கொடுக்கவேண்டும். அரசு நிலம் விற்ற பணம் நாட்டின் இருப்புநிதிக்குப் போகிறது, அதனால் தெரிந்தவர் மூலம் விலையைக் குறைப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை.

"இருபது வருஷமா வச்சிருக்கேனே" என்ற வாதம் செல்லாது. நீண்ட காலம் அனுபவித்தால் நிலம் சொந்தமாகிவிடும் என்ற பழைய விதியை 1994 மார்ச் 1 முதல் இங்கே எடுத்துவிட்டார்கள். அனுமதி இல்லாமல் அரசு நிலத்தில் வேலி போடுவதும் கூரை இறக்குவதும் குற்றம், இடித்துச் சீர்செய்யும் செலவும் நம் தலையில்தான்.

வாங்க வேண்டாம், கொஞ்ச காலம் பயன்படுத்தினால் போதும் என்றால் தற்காலிகப் பயன்பாட்டு உரிமம் கேட்கலாம். கட்டணம் உண்டு, நிபந்தனை உண்டு, அரசு திருப்பிக் கேட்டால் காலி செய்யவேண்டும். அதில் நிரந்தரமாக எதையும் கட்டாதீர்கள்.

இனி நான் ஏன் மாமாவுக்கு வேண்டாம் என்றேன் என்பது. இந்தச் சந்துகள் மிச்சம் மீதி விழுந்த இடம் இல்லை. 1900-களின் தொடக்கத்தில் கடைவீடுகள் முதுகோடு முதுகு ஒட்டிக் கிடந்தன, காற்றும் இல்லை வெளிச்சமும் இல்லை, நோய் வாரிக்கொண்டு போனது. மருத்துவர் சிம்சன் 1907 அறிக்கையில் பின்சந்துகளைத் திறக்கவேண்டும் என்று சொன்னார். 1927-இல் தொடங்கிய சிங்கப்பூர் மேம்பாட்டு அறநிறுவனம், வீடுகளின் பின்பகுதியை இடித்து இந்த வழிகளை உண்டாக்கியது. மலம் அள்ளும் வாளிகள் போனதும் வந்ததும் இந்த வழிதான், 1987-இல்தான் அந்த முறை முற்றாக ஒழிந்தது. எத்தனையோ பேர் வீட்டில் ஒரு பகுதியை இழந்து கிடைத்த இடம் இது.

லிட்டில் இந்தியாவான தேக்காவில் டன்லப் ஸ்திரீட் பின்பக்கம் ஒரு பகல் நேரம் நடந்து பாருங்கள். சுழன்று இறங்கும் இரும்புப் படிக்கட்டு, வெங்காய மூட்டை, கவிழ்த்து வைத்த அண்டா, கால்வாய் மூடிமேல் உட்கார்ந்து ஊருக்குப் போன் பேசும் சமையல்காரத் தம்பி. தீப்பிடித்தால் மேல்மாடியில் இருப்பவர்கள் இறங்கி ஓடுவதும் இந்தப் பக்கம்தான். ஒரு கடை நாலடி இழுத்துக் கட்டினால் பத்துக் கடைக்கு வழி அடைபடும். கேட்பவருக்கு அது நாலடி, அந்த வரிசைக்கு அது முழுச் சந்து.

அதனால் உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் விண்ணப்பிக்கப் போகிறார் என்று தெரிந்தால் சும்மா இருக்காதீர்கள். இங்கே வாக்கெடுப்பு இல்லாததால் முடிவு அதிகாரிகளின் மேசையிலேயே நடந்துவிடும், நாம் எழுதினால்தான் நம் பக்கம் அவர்களுக்குத் தெரியும். நிலத்துண்டு எண், அந்தச் சந்து வழியை யார் யார் எதற்குப் பயன்படுத்துகிறார்கள், இரண்டு மூன்று படம், இவ்வளவு போதும். நில ஆணையத்துக்கு அனுப்புங்கள், உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்புக்கும் ஒரு பிரதி கொண்டுபோங்கள்.

விண்ணப்பிப்பவர் நீங்களே என்றால், பணம் செலவழித்து வரைபடம் போடுவதற்கு முன் ஒருமுறை குனிந்து தரையைப் பாருங்கள். கழிவுநீர்க் குழாய்மேல் இஷ்டத்துக்குக் கட்ட விடமாட்டார்கள். மாமா வீட்டில் அதைத்தான் செய்தோம். அத்தையின் இரண்டாவது கறிவேப்பிலைத் தொட்டியை நகர்த்தினால் அடியில் வட்டமாக ஓர் இரும்பு மூடி. மாமா கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் நாங்கள் மூன்று பேருமாக நாலு தொட்டிகளையும் தூக்கி வேலிக்கு உள்ளே வைத்தோம்.