ஸ்டாண்ட்-அப் காமெடியனின் தொண்டை

குரல் சிகிச்சைக்கு வருகிறவர்களில் பாடகர்களுக்கும் ஸ்டாண்ட்-அப் காமெடியன்களுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. மேல் ஸ்தாயியில் ஒரு சுரம் லேசாகப் பிசிறினால் போதும், பாடகர் மறுநாளே வந்து நிற்பார். காமெடியன் மாதக்கணக்கில் கரகரத்த குரலோடு மேடையேறி, ஒருநாள் பேச்சே எழும்பாமல் போன பிறகுதான் வருவார். அதுவும் "வெள்ளிக்கிழமை ஷோ இருக்கு, அதுக்குள்ள சரியாகிடுமா?" என்ற கேள்வியோடு.

அலட்சியம் மட்டும் இதற்குக் காரணமில்லை. குரல்தான் உன் சொத்து என்று பாடகருக்குச் சின்ன வயதிலேயே யாராவது சொல்லியிருப்பார்கள். காமெடியனுக்கு அப்படிச் சொல்ல ஆளில்லை. எழுத்து, டைமிங், கூட்டத்தின் முன்னால் தனியாக நிற்கிற தைரியம், இவைதான் தன் தொழில் என்று அவர் நினைக்கிறார். தொண்டை அந்தக் கணக்கிலேயே வருவதில்லை. போதாக்குறைக்கு, கரகரப்பு பாட்டைக் கெடுப்பதுபோல ஜோக்கை உடனே கெடுப்பதுமில்லை. சில சமயம் கூடுதலாக ஒரு சிரிப்பையே வாங்கித் தந்துவிடும். "அதுதான் என் ஸ்டைல்" என்று அவர் முடிவு செய்கிற இடமும் அதுதான்.

காமெடியன்களின் மனநலம் பற்றி இப்போது ஓரளவு பேசுகிறார்கள். 523 காமெடியன்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2014-இல் பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் சைக்கியாட்ரி இதழில் வெளிவந்து பரவலாகப் பேசப்பட்டது. லாஸ் ஏஞ்சலிஸின் லாஃப் ஃபேக்டரி என்ற கிளப், மேடையேறும் கலைஞர்களுக்காக மனநல ஆலோசகரையே 2011-இல் கிளப்புக்குள் கொண்டுவந்தது. நல்ல விஷயம். ஆனால் அதே கலைஞர் இரவு முழுக்கக் கத்திவிட்டு வந்தால், தொண்டையை ஒருதடவை காட்டிவிட்டு வா என்று சொல்பவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

உள்ளே என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். குரல்வளைக்குள் இரண்டு குரல் நாண்கள் இருக்கின்றன. மூச்சுக்காற்று கீழிருந்து வரும்போது அவை ஒன்றோடொன்று மோதி அதிர்வதுதான் குரல். சாதாரணப் பேச்சில் ஆண்களுக்கு நொடிக்கு 100 முதல் 130 முறை, பெண்களுக்கு ஏறத்தாழ 200 முறை. 20 நிமிடம் பேசும் ஓர் ஆண் கலைஞர், அதில் பாதி நேரமே குரல் கொடுக்கிறார் என்று வைத்துக்கொண்டாலும், அவருடைய நாண்கள் 60,000 முறைக்கு மேல் மோதிவிடும். சத்தத்தைக் கூட்டினால் மோதலின் வேகம் கூடும். குரலை உச்சத்துக்குக் கொண்டுபோனால் எண்ணிக்கையும் கூடும். ஆரோக்கியமான நாண்கள் இதைத் தாங்கும், ஓய்வு கிடைத்தால் தம்மைத் தாமே சரிசெய்தும் கொள்ளும். அந்த ஓய்வு கிடைக்காதபோது, மோதல் அதிகமாக விழும் நடுப்பகுதியில் இரண்டு பக்கமும் சின்னதாகத் தடித்துப் போகும். நாட்பட்டால் அது முடிச்சாகிவிடும். நாண்கள் முழுதாகச் சேர முடியாமல் இடையில் காற்று கசிகிறது. அந்தக் கசிவைத்தான் நாம் கரகரப்பாகக் கேட்கிறோம்.

இந்தத் தொழிலில் மோசமான காலம் ஆரம்ப வருடங்கள்தான். ஓப்பன் மைக், அதாவது யார் வேண்டுமானாலும் ஏறிப் பேசிப் பார்க்கும் மேடை, என்றால் பெரும்பாலும் வேறு வேலைக்காகக் கட்டிய இடம்: பின்னால் பாத்திரச் சத்தம், பேச்சுச் சத்தம், ஏசி இரைச்சல். மேடையில் நிற்பவருக்குத் தன் குரலே காதில் விழாது, மானிட்டர் ஸ்பீக்கர் இருக்காது. சுற்றிச் சத்தம் கூடினால் நாம் அறியாமலே குரலை உயர்த்திவிடுகிறோம். எத்தியன் லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911-இல் பதிவுசெய்த விஷயம் இது. இன்றும் லொம்பார்ட் விளைவு என்றே பெயர். மன உறுதியால் மட்டும் இதைத் தடுப்பது கடினம். காதுக்குத் தன் குரல் கேட்டால் அது பெரும்பாலும் அடங்கும். அதனால் மானிட்டர் கேட்பதைப் பந்தா என்று யாரும் நினைக்க வேண்டாம். அது கிடைக்காத இடத்தில், மைக்கை உதட்டுக்கு இரண்டு மூன்று விரல் தூரத்தில் பிடித்துச் சாதாரணமாகப் பேசுங்கள். மைக்கை மார்பளவில் பிடித்துக்கொண்டு கத்துகிற புதியவர்களைப் பார்த்தால் எனக்குத் தொண்டை வலிக்கிறது.

அப்புறம் தொகுப்பாளர் வேலை. புதியவர்களுக்குத்தான் அது பெரும்பாலும் வந்து சேரும். ஆறிப்போன கூட்டத்தைச் சூடேற்றுவது, கைத்தட்டல் கேட்டுக் கத்துவது, ஒவ்வொரு பெயரையும் உச்சக்குரலில் அறிவிப்பது. ஹெட்லைனர், அதாவது அன்றைய முக்கியக் கலைஞர், ஒரு மணி நேரம் பேசுவதைவிட, இரவு முழுக்க இப்படி விட்டு விட்டுக் கத்துவது நாண்களை அதிகம் புண்ணாக்கிவிடும். இவர்களில் பலர் பகலில் கால் சென்டரிலோ வகுப்பறையிலோ எட்டு மணி நேரம் பேசிவிட்டு வருகிறவர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒருவரை மட்டும் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். முப்பது வயதைத் தாண்டாத கலைஞர், வாரத்துக்குப் பல நிகழ்ச்சிகள் செய்பவர். அவருடைய வீடியோ ஒன்றை இருவரும் சேர்ந்து பார்த்தோம். முதலில் சாதாரணமாக, பிறகு ஜோக்கை விட்டுவிட்டுத் தொண்டையை மட்டும் கவனித்து. ஒவ்வொரு பஞ்சுக்கும் முன்னால் ஒரு செருமல். ஆரம்பத்தில் சளிக்காக வந்த செருமல், போகப்போக டைமிங்கின் பகுதியாகிவிட்டது. அவர் செருமினாலே முன்வரிசை சிரிக்கத் தயாராகிறது. அவருக்கு அதுவரை இது தெரியவே தெரியாது. செருமல் என்பது இரண்டு நாண்களையும் பலமாக மோதி உரசுவது. அந்த உரசலில் வீக்கம் வரும், வீக்கம் சளி கட்டிய உணர்வைத் தரும், அதைப் போக்க மறுபடி செருமத் தோன்றும். நிறுத்தச் சொன்னால் ஜோக் விழுந்துவிடும் என்று பயந்தார். பயம் நியாயமானதுதான். அதனால் அந்த இடைவெளியை எடுக்காமல், அதற்குள் இருந்த சத்தத்தை மட்டும் எடுத்தோம்: செருமலுக்குப் பதிலாக ஒரு வாய் தண்ணீர், பாட்டிலை ஸ்டூலில் நிதானமாக வைப்பது, பிறகு பஞ்ச். சில வாரங்களில் கூட்டம் பாட்டிலைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தது. முடிச்சுகளும் மெல்லச் சுருங்கத் தொடங்கின.

அதே வீடியோவில் இன்னொன்றும் தெரிந்தது. பலரிடம் பார்க்கும் பழக்கம் இது. ஜோக்கின் முக்கியமான சொல் வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. மூச்சும் அங்கேதான் தீர்ந்து போகிறது. காலியான நுரையீரலிலிருந்து அந்தக் கடைசிச் சொல்லைப் பிழிந்து எடுக்கிறார்கள், கழுத்து நரம்பு புடைக்கிறது. நன்றாக எழுதிய ஜோக் ஏன் பின்வரிசைக்குப் போய்ச் சேரவில்லை என்று கேட்கிறவர்களிடம் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். மேடையில் பேசப்போகும் செட்டை எழுதிய தாளில் மூச்சு வாங்கும் இடங்களில் பென்சிலால் ஒரு கோடு போடச் சொல்வேன். பஞ்சுக்கு முந்தைய கோடு கட்டாயம். சொல் தெளிவாக விழும், தொண்டையும் தப்பிக்கும்.

சிரிப்பின் மேல் பேசுவதும் அப்படித்தான். கூட்டம் சிரிக்கும்போது அந்த அலை ஏறி உச்சத்தைத் தொட்டு இறங்கும். இறங்கும்போது அடுத்த வரியை எடுப்பது அனுபவசாலியின் பழக்கம். பயந்தவர் உச்சத்திலேயே எடுத்துவிடுகிறார். நூறு பேர் சிரிக்கும் சத்தத்தோடு ஒரு தொண்டை மோதுகிறது. குறுக்கே கத்துகிற பார்வையாளரிடமும் இதே கதை: அவரோடு சத்தத்துக்குச் சத்தம் என்று இறங்கினால் மைக் இருந்தும் பயனில்லை. குரலைத் தாழ்த்திப் பதில் சொன்னால் கூட்டம் கேட்பதற்காக அடங்கும். இதை நான் மேடைக்கலை ஆசிரியராகச் சொல்லவில்லை, அது என் வேலையுமில்லை. ஆனால் தொண்டைக்கு நல்லது எதுவோ அதுவே ஜோக்குக்கும் நல்லதாக அமைவதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

வேஷக்குரல்கள் விஷயத்துக்கு வருவோம். அமெரிக்கரான சாம் கினிசன் மதப் பிரசங்கியாக இருந்து ஸ்டாண்ட்-அப்புக்கு வந்தவர். அவருடைய அலறல்தான் அவருடைய அடையாளம். இன்னொரு அமெரிக்கக் காமெடியன் கில்பர்ட் காட்ஃபிரீட்டின் கிறீச்சிடும் குரலைக் கேட்டால் யாருக்கும் அடையாளம் தெரியும். மேடைக்கு வெளியே அவர் பேசியது வேறு மாதிரியான, அமைதியான குரலில். "அவங்க எல்லாம் வாழ்நாள் முழுக்க அப்படித்தானே பேசினாங்க?" என்று என்னிடம் வாதாடுவார்கள். அவர்கள் குரல்வளைக்குள் என்ன இருந்தது என்று நாம் யாரும் பார்க்கவில்லை. காட்ஃபிரீட்டிடம் கற்றுக்கொள்ள வேண்டியது அந்தக் கிறீச்சை அல்ல, அதை மேடையோடு விட்டுவிட்டுப் போனதை. அப்பா குரல், மேனேஜர் குரல், பேய்க் குரல் என்று எதையும் செய்யலாம். வாயையும் நாக்கையும் மாற்றி, மூக்கில் கொஞ்சம் ஏற்றி, தொண்டையை இறுக்காமல் செய்யக் கற்றுத்தர முடியும். செய்து முடித்ததும் வலித்தாலோ, இருமல் வந்தாலோ, அந்தக் குரலைத் தவறான வழியில் செய்கிறீர்கள் என்று பொருள்.

இனி, ஷோவுக்கு முன்னால் செய்யும் அவசர வைத்தியங்கள். தொண்டைக்கு இதமாக எதைக் குடித்தாலும் அது நாண்களைத் தொடாது. குடிப்பது உணவுக்குழாய்க்குப் போகிறது. குரல்வளைக்குள் ஒரு சொட்டு இறங்கினாலே புரையேறி இருமித் தீர்ப்பீர்கள். தண்ணீர் உடலுக்குள் போய்த்தான் நாண்களை ஈரப்படுத்தும், அதற்கு நேரமாகும். ஆகவே மேடைக்கு ஐந்து நிமிடம் முன்னால் ஒரு பாட்டிலைக் காலி செய்வதைவிட, காலையிலிருந்தே குடித்துவருவது நல்லது. ஆவி பிடித்தால் மேற்பரப்பு ஈரமாகும். மரத்துப்போக வைக்கும் ஸ்பிரேயையும் மிட்டாயையும் ஷோவுக்கு முன்னால் தொடவே வேண்டாம், வலி என்ற எச்சரிக்கை போய்விடும். குரலைக் காப்பாற்றுவதாக நினைத்துக் கிசுகிசுப்பதும் வேண்டாம், பலருக்கு அது தொண்டையை இன்னும் இறுக்குகிறது. பேசாமல் இருங்கள், இல்லையென்றால் மெல்லிய சாதாரணக் குரலில் பேசுங்கள். ஸ்டெராய்டு ஊசி போட்டு ஏறிவிடலாம் என்பது எல்லாவற்றையும்விட ஆபத்து. நாண்களை நேரில் பார்க்காமல் அந்த முடிவை எடுக்கக் கூடாது. ஆஸ்பிரின் போன்ற மாத்திரைகள் ரத்தம் உறைவதைக் குறைப்பவை. புண்பட்ட நாணோடு கத்தும்போது அதற்குள் ரத்தம் கசியும் அபாயத்தை அவை கூட்டும். மருத்துவர் சொல்லி இதயத்துக்காகச் சாப்பிடுகிறவர்கள் தாமாக நிறுத்திவிடாதீர்கள், அவரிடம் கேளுங்கள்.

உண்மையில் பெரும் சேதம் நடப்பது மேடையை விட்டு இறங்கிய பிறகு. ஷோ முடிந்ததும் இரைச்சலான இடத்தில் ரசிகர்களோடும் சக கலைஞர்களோடும் இரண்டு மணி நேரம் கத்திப் பேச்சு, கையில் மது, நள்ளிரவில் வயிறு முட்டச் சாப்பாடு, உடனே படுக்கை. வயிற்று அமிலம் மேலேறித் தொண்டையை எரிக்கும். காலையில் எழுந்ததும் குரல் மோசமாக இருந்து மதியத்துக்கு மேல் தெளிகிறது என்றால் அமிலத்தைச் சந்தேகிப்பேன். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவே இரண்டு மூன்று மணி நேரம் விட முடியுமா என்று பாருங்கள். முடியாத தொழில் என்று தெரியும். அப்படியானால் பெரிய சாப்பாட்டை ஷோவுக்கு முன்பே நன்றாக நேரம் விட்டு முடித்துவிட்டு, பின்னால் கொஞ்சமாகச் சாப்பிடலாம். புகையைப் பற்றி ஒரே வரி: விடுங்கள்.

கரகரப்பு மூன்று நான்கு வாரத்துக்கு மேல் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய் குரல்வளையை கேமராவில் பார்த்துவிட வேண்டும். மேடையில் கத்திக்கொண்டிருக்கும்போதே குரல் சட்டென்று நின்றுவிட்டால் வாரக்கணக்கெல்லாம் கிடையாது. அந்த நிமிடமே பேச்சை நிறுத்திவிட்டு, மறுநாளே பார்த்தாக வேண்டும். நாணுக்குள் ரத்தக்கசிவாக இருக்கலாம். புகைப்பவர்களும், விழுங்கும்போது வலி, இருமலில் ரத்தம், கழுத்தில் கட்டி உள்ளவர்களும் காத்திருக்கவே கூடாது. மூச்சு வாங்கச் சிரமம் என்றால் நேராக அவசரச் சிகிச்சைக்குப் போங்கள்.

பலர் தள்ளிப்போடுவதற்குக் காரணம் இரண்டு பயங்கள். ஒன்று ஆபரேஷன். முடிச்சுகளுக்கு முதல் சிகிச்சை குரல் பயிற்சிதான், பெரும்பாலானவை அதிலேயே குறையும். பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும் வரும் பாலிப் என்ற சதை வளர்ச்சி போன்றவற்றுக்குத்தான் அறுவைச் சிகிச்சைப் பேச்சு அதிகம் வரும். இன்னொரு பயத்தை வெளியே சொல்ல மாட்டார்கள்: குரல் தெளிந்துவிட்டால் கூட்டம் என்னை அடையாளம் கண்டுகொள்ளுமா? கரகரப்பை ஒரு நிறமாகத் தேவையான வரியில் மட்டும் தொட்டுக்கொள்ளப் பயிற்சி தர முடியும். நோய் தருகிற கரகரப்பு அப்படிக் கேட்ட இடத்தில் வராது. அது வேண்டாத வரியிலும் வரும், வேண்டிய வரியில் குரலையே எடுத்துக்கொண்டு போய்விடும்.

முதல் தடவை வரும்போது உங்கள் நிகழ்ச்சிகளின் முழுப் பதிவுகள் இரண்டைக் கொண்டுவாருங்கள். இணையத்தில் போட வெட்டிய துண்டுகள் உதவாது. ஒன்று நன்றாகப் போனதாக இருக்கட்டும், இன்னொன்று சொதப்பியதாக. எல்லோரும் நன்றாகப் போனதை மட்டும் எடுத்து வருகிறார்கள். எனக்கு அதிகம் வேண்டியது மற்றதுதான். சிரிப்பு வராத இடத்தில் என்ன செய்கிறீர்கள், குரலை எவ்வளவு ஏற்றுகிறீர்கள், எந்த வினாடியிலிருந்து கழுத்து இறுகத் தொடங்குகிறது என்பதெல்லாம் அதில்தான் தெரியும்.