பழைய வேகப்படகின் டிரைவுக்கு இன்னும் எவ்வளவு ஆயுள் இருக்கிறது?

பழைய வேகப்படகை விற்பவர் முதலில் காட்டுவது இன்ஜின் ஓடிய மணிநேரத்தைத்தான். "முந்நூறு மணிநேரம்தான் ஓடியிருக்கிறது" என்று கேட்டதும், காரின் கிலோமீட்டர் கணக்கைப் பார்த்தே பழகிய மனம் நிம்மதி அடைந்துவிடுகிறது. ஆனால் 500 குதிரைத்திறன் அளவுக்கு இன்ஜின் பூட்டிய படகில், இன்ஜின் நன்றாக இருக்கும்போதே அதற்கும் ப்ரொப்பல்லருக்கும் இடையிலுள்ள டிரைவ் கைவிட்டுவிடுவது உண்டு. அந்த முந்நூறு மணிநேரமும் எத்தகைய சுமையில் கழிந்தது என்பதைப் பொறுத்தே டிரைவின் ஆயுள் அமைகிறது.

இவ்வகைப் படகுகள் பலவற்றில் இருப்பது ஸ்டெர்ன் டிரைவ். 1959இல் வோல்வோ பென்டா 'அக்வாமேட்டிக்' என்ற பெயரில் அறிமுகப்படுத்திய அமைப்பின் வழிவந்தது இது. இன்ஜின் படகுக்குள்ளே பின்சுவரை ஒட்டி இருக்கும்; கியர்கள் அடங்கிய கால் போன்ற பகுதி வெளியே தண்ணீரில் இறங்கியிருக்கும். இன்ஜினின் சுழற்சி பின்சுவரைத் தாண்டி, யூ-ஜாயின்டுகளின் (சாய்ந்தபடியே சுழற்சியைக் கடத்தும் மூட்டுகளின்) வழியாக மேல் கியர்ப்பெட்டிக்கு வந்து, அங்கே செங்குத்தாகக் கீழ்நோக்கித் திரும்பி, அடிப்பெட்டியில் மறுபடியும் திரும்பி ப்ரொப்பல்லரை அடைகிறது. இந்த இரண்டு திருப்பங்களிலும் முழு விசையையும் ஒரே நேரத்தில் தாங்குபவை கியரின் ஓரிரு பற்களே. 500 குதிரைத்திறனை நிமிடத்துக்கு 5,000 சுற்றில் தரும் இன்ஜினின் முறுக்குவிசை ஏறத்தாழ 710 நியூட்டன் மீட்டர். டிரைவின் கியர் விகிதம் 1.5 என்றால், ப்ரொப்பல்லர் தண்டுக்கு அது 1,000 நியூட்டன் மீட்டரைத் தாண்டிவிடும். அடிப்பெட்டியைப் பெரிதாக்கிக் கியர்களைத் தடிமனாக்கலாமே என்றால், பெட்டி பெருக்கப் பெருக்கத் தண்ணீரின் இழுவையும் கூடி வேகம் குறைந்துவிடும்.

சமதளச் சாலையில் சீராக ஓடும் கார் தன் திறனில் சிறு பங்கையே செலவிடுகிறது. தண்ணீரோ காற்றைப்போல் ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியானது. அதைக் கிழித்துக்கொண்டு வேகமாகப் போகும் படகு, முடிவில்லாத மேட்டில் ஏறிக்கொண்டே இருக்கும் காருக்குச் சமம். பந்து பேரிங்கின் ஆயுளைக் கணிக்கும் சூத்திரம் இங்கே உதவுகிறது: ஆயுள், சுமையின் மூன்றாம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் குறையும். சுமை 20 சதவீதம் கூடினால் ஆயுள் 58 சதவீதமாகச் சுருங்கும். இரட்டித்தால் எட்டில் ஒரு பங்காகிவிடும். காற்றை அழுத்தி உள்ளே தள்ளித் திறனைக் கூட்டும் சூப்பர்சார்ஜரை இன்ஜினுக்கு மட்டும் பூட்டிவிட்டுப் பழைய டிரைவை அப்படியே விட்டிருக்கும் படகை நான் இரண்டு முறை யோசிக்காமல் தவிர்ப்பதற்கு இந்தக் கணக்கே காரணம்.

இதைவிட மோசமானது அலைமேல் தாவுவது. ப்ரொப்பல்லர் நீரைவிட்டு வெளியே வந்த நொடியில் சுமை அற்றுப்போய் இன்ஜினின் சுற்று எகிறுகிறது. மறுநொடி அது நீருக்குள் விழும்போது, சுழன்றுகொண்டிருக்கும் மொத்த நிறையின் வேகமும் சட்டெனத் தடைபட்டு, அந்த அதிர்ச்சி கியர்ப் பற்களின் மேல் இறங்குகிறது. தேர்ந்த ஓட்டுநர் தாவும்போதே திராட்டிலைக் குறைத்துவிடுவார். குறைக்காதவரின் கைவண்ணம் மணிநேரக் கணக்கில் ஏறுவதில்லை. பல்லின் அடியில் மயிரிழை விரிசலாகப் பதிந்து, ஒவ்வொரு சுழற்சியிலும் கொஞ்சம் கொஞ்சமாக வளர்கிறது.

இதை டிரைவைப் பிரிக்காமலே ஓரளவு அறியலாம். படகை இரவு முழுதும் அசையாமல் வைத்திருந்து, காலையில் இன்ஜினை இயக்குவதற்கு முன் அடிப்பெட்டியின் வடிகால் திருகைத் தளர்த்துங்கள். நீர் எண்ணெயைவிடக் கனமானதால், உள்ளே புகுந்திருந்தால் முதலில் சொட்டுவது நீராகத்தான் இருக்கும். எண்ணெயுடன் கலந்து போயிருந்தால் பால் ஊற்றியதுபோல் வெளுத்து வரும். அப்படியானால் ஏதோ ஒரு சீல் போய்விட்டது. திருகின் நுனியில் காந்தம் இருந்தால் அதைத் துடைத்து வெள்ளைத் தாளில் தேய்த்துப் பாருங்கள். மைபோன்ற சாம்பல்நிறப் பசை இயல்பான தேய்மானம். விரலில் நெருடும் செதில்கள் தென்பட்டால், பல்லிலோ பேரிங்கிலோ பரப்பு பெயரத் தொடங்கிவிட்டது. கருகிய வாடை, எண்ணெய் அளவுக்கு மீறிச் சூடேறியிருப்பதைச் சொல்லும்.

இரட்டை இன்ஜின் படகு என்றால் வாங்குபவருக்கு ஒரு வசதி உண்டு. ஒரே கடலில், ஒரே கையில், ஒரே அளவு ஓடிய இரண்டு டிரைவுகளின் எண்ணெயும் ஒன்றுபோல இருக்க வேண்டும். ஒன்று சுத்தமாகவும் மற்றொன்று செதிலோடும் வந்தால், அதற்கு விற்பவர் தரும் எந்த விளக்கத்தையும் சந்தேகத்தோடுதான் கேட்க வேண்டும்.

பின்சுவருக்கும் டிரைவுக்கும் நடுவே யூ-ஜாயின்டுகளை மூடியிருக்கும் ரப்பர் பெல்லோஸின் மடிப்புகளை விரித்துப் பாருங்கள். அங்கே ஒரு வெடிப்பு இருந்தாலும் நீர் புகுந்து யூ-ஜாயின்டும் அதற்கு முன்னால் இன்ஜினிலிருந்து வரும் தண்டைத் தாங்கும் கிம்பல் பேரிங்கும் துருப்பிடிக்கும். பேரிங் கெட்டால் பெரும்பாலும் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது உறுமல் கேட்கும். டிரைவுக்கு வரும் அரிப்பைத் தன்மேல் வாங்கிக்கொள்ளும் உலோகக் கட்டியான ஆனோடு பாதி கரைந்திருந்தால் அது தன் வேலையைச் செய்கிறது என்று பொருள். பல ஆண்டுகள் நீரில் கிடந்தும் புதிதுபோல் இருந்தால், மின்தொடர்பு அறுந்து, அலுமினிய உறையே அரிபட்டுக்கொண்டிருக்கலாம்.

நவீன இன்ஜின்கள் பலவற்றின் கட்டுப்பாட்டுக் கணினியில், எந்தச் சுற்று வரம்பில் எத்தனை மணிநேரம் ஓடியது என்ற பதிவு இருக்கும். வெறும் மொத்தத்தைவிட இந்தப் பிரிவினை பன்மடங்கு பயனுள்ளது.

கடைசியாகக் கடலில் ஓட்டிப் பாருங்கள். முழு திராட்டிலில் இன்ஜின், தயாரிப்பாளர் குறித்த சுற்று வரம்பை எட்ட வேண்டும்; எட்டாவிட்டால் ப்ரொப்பல்லரின் பிட்ச் (ஒரு சுற்றில் அது முன்னேற வேண்டிய தூரம்) அதிகமாக இருக்கலாம், இன்ஜின் திறன் இழந்திருக்கலாம். கரைக்குத் திரும்பியதும் டிரைவின் எண்ணெயை இன்னொரு முறை சிறிது வடித்துப் பார்க்கக் கேளுங்கள். விற்பனைக்காக நேற்று மாற்றிய புத்தம்புது எண்ணெய்கூட ஒரு மணிநேர ஓட்டத்துக்குப் பின் உள்ளே இருப்பதைக் காட்டத் தொடங்கிவிடும். அதற்கு விற்பவர் சம்மதிக்காவிட்டால், புது டிரைவின் விலையைக் கழித்துக்கொண்டு பேரம் பேசுவதே நியாயம்.